மலேரியா ஒழிப்பு: 1965-ன் பாடம் மறக்கப்படுகிறதா?

புதுதில்லி: வட தில்லியின் சிவில் லைன்ஸ் பகுதியில், சாம்நாத் மார்கில் இயங்கிவரும் மத்திய அரசு அலுவலகம் ஒன்று நடத்தும் திட்டத்தின் பெயர் மாறிவந்த கதையைக் கேட்டாலே, இந்தியாவின் மலேரியா வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். 1953-ம் ஆண்டில் அது "தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம்". ஐந்தே ஆண்டுகளில், 1958-ல், "கட்டுப்பாடு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஒழிப்பு" என்ற சொல்லை வைத்தார்கள். 1977-ல், ஒழிப்பது இப்போதைக்கு இயலாது என்று அரசே முடிவுக்கு வந்து கொள்கையை மாற்றிக்கொண்டது. ஆனால் பெயரை மாற்றுவதற்கு மட்டும் மேலும் 22 ஆண்டுகள் பிடித்தன. 1999-ல் அது "தேசிய மலேரியா எதிர்ப்புத் திட்டம்" ஆயிற்று. பிறகு 2003-04-ல் டெங்கு, யானைக்கால், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், காலா அசார் ஆகியவற்றோடு ஒரே குடையின் கீழ் கொண்டுவரப்பட்டபோது மலேரியா என்ற சொல்லே பெயரிலிருந்து மறைந்தது.

மறைந்த "ஒழிப்பு" 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் திரும்பி வந்தது. மலேரியா ஒழிப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை அப்போதும் மத்திய சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த ஜே.பி. நட்டா வெளியிட்டார். நாட்டுக்குள்ளேயே தொற்றும் மலேரியா ஒன்றுகூட இல்லை என்ற நிலையை 2027-ம் ஆண்டுக்குள் எட்ட வேண்டும். அந்த நிலை மூன்றாண்டுகள் தொடர்ந்து நீடித்தால் 2030-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் பெறலாம் என்பது கணக்கு. ஆசிய - பசிபிக் வட்டாரத்தை 2030-க்குள் மலேரியாவிலிருந்து விடுவிப்பது என்று 2014 நவம்பரில் மியான்மர் தலைநகர் நேபிதாவில் நடந்த கிழக்காசிய உச்சி மாநாட்டில் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் தலைவர்கள் ஏற்றுக்கொண்ட இலக்கின் தொடர்ச்சி அது.

ஒழிப்பு என்ற சொல்லை ஒருமுறை பயன்படுத்தி, தோற்று, கைவிட்ட நாடு இந்தியா. எனவே இரண்டாம் முறை அதைப் பயன்படுத்தும்போது முதல் முறை என்ன நடந்தது என்பதை நினைவில் கொள்வது அவசியமாகிறது.

இரண்டு எண்கள், மூன்றாவது எண்

மத்திய சுகாதார அமைச்சகத்தின் அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் எண்கள் இரண்டு. 2015-ம் ஆண்டில் நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 11,69,261 பேர். 2023-ல் 2,27,564 பேர். எட்டே ஆண்டுகளில் 80 சதவீதக் குறைவு. பதிவான மரணங்களும் 384-லிருந்து 83 ஆகக் குறைந்துள்ளன. 2023-ல் 122 மாவட்டங்களில் ஒருவருக்குக்கூட மலேரியா இல்லை. இவற்றை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலகில் மலேரியாவின் சுமை மிக அதிகமாக உள்ள நாடுகள் என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருந்த குழுவிலிருந்து 2024-ல் இந்தியா வெளியேறியது. அத்தகுதி எளிதில் கிடைப்பதன்று.

ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே மறைந்திருக்கும் எண் ஒன்று உண்டு. 2021-ம் ஆண்டில் பதிவானவர்கள் 1,61,753 பேர் மட்டுமே. 2022-ல் அது 1,76,522 ஆனது. அடுத்த ஆண்டு 2,27,564. அதாவது 2015-ஐ அடிப்படையாக வைத்தால் பெரும் வீழ்ச்சி. 2021-ஐ அடிப்படையாக வைத்தால் இரண்டே ஆண்டுகளில் 40 சதவீத உயர்வு. கொரோனா காலத்தில் காய்ச்சல் பரிசோதனைகள் தடைப்பட்டிருந்ததும் பின்னர் அவை மீண்டும் முடுக்கிவிடப்பட்டதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. எனினும் உயர்வு முழுவதையும் அந்தக் கணக்கில் எழுதிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்பதற்கு நியாயம் இருக்கிறது. இதேபோன்ற ஒரு வளைவு இந்தியாவில் முன்பும் வந்தது. அன்றும் அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

சுவரில் எழுதிய தேதி

நாடு விடுதலை பெற்றபோது மக்கள்தொகை சுமார் 33 கோடி. அவர்களில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது; எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. இமயமலை அடிவாரத்தின் தராய்ப் பகுதி, மனிதர் குடியேறவே அஞ்சும் நிலமாகக் கிடந்தது. தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்த பஞ்சாப் அகதிகளை அங்கே குடியமர்த்தி, காடாக இருந்த பகுதியைக் கோதுமையும் நெல்லும் விளையும் பூமியாக மாற்ற முடிந்ததற்கு டி.டி.டி. மருந்தடிப்பு ஒரு முக்கியக் காரணம்.

1953-ல் திட்டம் தொடங்கியபோது அமெரிக்க உதவியாக டி.டி.டி. கப்பலில் வந்து இறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உடன் நின்றன. 1954-ல் பொதுத் துறையில் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, தில்லியிலேயே டி.டி.டி. ஆலை அமைந்தது. 1955-ல் உலகம் முழுவதும் மலேரியாவை ஒழிப்பது என்று உலக சுகாதாரப் பேரவை முடிவெடுத்தது. பனிப்போர் காலத்தில் அமெரிக்கா அம்முயற்சிக்குத் தாராளமாகப் பணம் தந்ததற்கு மனிதாபிமானம் மட்டும் காரணமல்ல என்று எழுதியவர்கள் அன்றே இருந்தனர். காரணம் எதுவாயினும் பணம் வந்தது, வேலையும் நடந்தது.

அன்றைய கிராமங்களில் முதுகில் மருந்துப் பம்புடன் வந்தவர்களைப் பழையவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். வீட்டின் உட்சுவர் முழுவதும் மருந்தடித்துவிட்டு, வாசல் சுவரில் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். மருந்தடிப்பு முடிந்த பகுதிகளில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை பணியாளர் வருவார். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலா என்று கேட்பார். ஆம் என்றால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு, கையோடு குளோரோகுயின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அந்த வருகையும் சுவரில் பதிவாகும். இத்தனை பெரிய நாட்டில், வீடு வீடாக, மாதத்துக்கு இருமுறை.

பலன் வியக்கத்தக்கதாக இருந்தது. 1961-ல் நாடு முழுவதும் பதிவான மலேரியா 50 ஆயிரத்துக்கும் குறைவு.

1965-ல் அது சுமார் ஒரு லட்சம். மரணம் ஒன்றுகூட இல்லை. அரசு ஆவணங்களில் 1965 இன்றளவும் வெற்றியின் உச்சமாகவே காட்டப்படுகிறது. ஏழரைக் கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே என்று வியப்பதில் தவறில்லை. ஆனால் 50 ஆயிரம் எப்படி ஒரு லட்சம் ஆயிற்று என்ற கேள்வியை அந்த ஆவணங்கள் எழுப்புவதில்லை. நான்கு ஆண்டுகளில் நோய் இரு மடங்காகி இருந்தது. மரணம் இல்லை என்பதால் எவருக்கும் அச்சமும் இல்லை.

அதன் பின் நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நோய் இல்லை என்று கருதப்பட்ட பகுதிகள் "பராமரிப்புக் கட்டத்துக்கு" மாற்றப்பட்டன. அதாவது தனி மலேரியாப் பணியாளர்களை எடுத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களே இனிக் கண்காணித்துக்கொள்ளும் என்று விட்டார்கள். பல மாவட்டங்களில் அந்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் போதிய பணியாளர்கள் இல்லை. கிராம சுகாதாரப் பணியாளர் எல்லா நோய்களையும் பார்க்கும் பல்நோக்குப் பணியாளர் ஆனார். குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் அவருடைய நாளை விழுங்கின. வெளிநாட்டு உதவி சுருங்கியது. உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தை 1969-ல் உலக சுகாதார நிறுவனமே கைவிட்டது. 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர, பூச்சிமருந்துகளின் விலையும் உயர்ந்தது. டி.டி.டி. உரிய நேரத்தில் மாவட்டங்களைச் சென்றடையவில்லை. சென்ற இடங்களிலோ கொசுக்கள் அதற்கு மசியவில்லை. குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத மலேரியா ஒட்டுண்ணி 1973-ல் அசாமின் கார்பி ஆங்லாங் பகுதியில் கண்டறியப்பட்டது.

1976-ல் இந்தியாவில் பதிவான மலேரியா 64 லட்சத்தைத் தாண்டியது.

இலங்கையின் கதையும் வேறல்ல. 1963-ல் அந்நாடு முழுவதிலும் பதிவான மலேரியா வெறும் 17. மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோரைத் தாக்கிய கொள்ளைநோயாக அது திரும்பி வந்தது. ஆனால் இலங்கை பாடம் கற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போர்க் காலத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் மலேரியாப் பணி முற்றிலும் நின்றுவிடவில்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை அது பெற்றது. சான்றிதழுக்குப் பிறகும் கண்காணிப்பை அவிழ்த்துவிடவில்லை என்பதே அதைவிட முக்கியம்.

யார் பணம், யார் பொறுப்பு?

1977-ல் அறிவிக்கப்பட்ட திருத்தப்பட்ட திட்டம் தன் நோக்கத்தைச் சுருக்கிக்கொண்டது. மரணத்தைத் தடுப்பது, நோயைக் குறைப்பது, தொழிலும் வேளாண்மையும் பாதிக்கப்படாமல் காப்பது என்பதோடு அது நின்றது. பணத்தின் பொறுப்பும் மாறியது. அதுவரை முழுச் செலவையும் ஏற்றுவந்த மத்திய அரசு 1979-லிருந்து செலவில் பாதியை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றது. மருந்து, பூச்சிமருந்து ஆகியவற்றைப் பொருளாக மத்திய அரசு தரும். ஆள் கூலி, வண்டி வாடகை முதலான நடைமுறைச் செலவுகள் மாநிலத்துக்கு. ஏட்டில் இது சரிபாதிப் பங்கீடுதான். நடைமுறையில் மருந்து கிடங்கில் இருக்கும். அடிப்பதற்குக் கூலி கொடுக்க மாநிலத்திடம் பணம் இருக்காது. அல்லது கூலிக்குப் பணம் இருக்கும். மருந்து மழைக்காலம் முடிந்த பிறகு வந்து சேரும். கொசுவுக்கு நிதியாண்டு தெரியாது.

மிகவும் பின்தங்கிய மாநிலங்களில்தான் மலேரியா மிக அதிகம். அந்த மாநிலங்களால்தான் தம் பங்கைச் செலுத்த முடியாது. இந்த எளிய உண்மை தில்லிக்கு உறைக்க ஒன்றரைப் பத்தாண்டு ஆயிற்று. வடகிழக்கு மாநிலங்களுக்கு முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும் என்ற முடிவு 1994 டிசம்பரில்தான் வந்தது. பழங்குடியினர் மிகுந்த 100 மாவட்டங்களுக்கு உலக வங்கிக் கடனுதவியுடன் 1997-ல் தனித் திட்டம் ஒன்று தொடங்கியது. அத்திட்டக் காலத்தில், குளோரோகுயின் பலனளிக்காத கொடிய பால்சிபாரம் வகை மலேரியாவுக்கும் அதே மருந்தை வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது என்று 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை குற்றம் சாட்டியது. உலக வங்கி அதை மறுத்தது. பிறகு எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்ப்பதற்காக 2002-ல் உருவான உலக நிதியத்தின் பணம் வடகிழக்கை எட்டியது. மருந்தூட்டிய கொசுவலைகளும் உடனடிப் பரிசோதனைக் கருவிகளும் பெருமளவில் வரத் தொடங்கியது அப்போதுதான்.

2015-16-க்குப் பின் தேசிய சுகாதார இயக்கத்தின் செலவில் மாநிலங்கள் 40 சதவீதம் ஏற்கின்றன. வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்கள் 10 சதவீதம். மலேரியாவுக்கென்று மத்திய அரசு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை இன்றைய வரவு - செலவுத் திட்டத்தின் முதன்மை ஆவணங்களைப் புரட்டித் தெரிந்துகொள்வது எளிதன்று. அது தேசிய சுகாதார இயக்கத்தின் பொது நிதித் தொகுப்பில் கரைந்திருக்கிறது. மாநிலங்கள் தேவைக்கேற்ப மாற்றிச் செலவிட வசதி என்று இதற்கு நியாயம் கூறப்படுகிறது. வசதிதான். நோய் குறையும்போது ஒதுக்கீடு ஓசையின்றிக் குறைந்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்புவதற்கும் இடமிராது என்ற வசதியும் அதில் அடங்கும்.

காய்ச்சல் இல்லாத நோயாளிகள்

அரசு மனம்வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒடிசாவே சாட்சி. 2016-ல் அந்த ஒரே மாநிலத்தில் 4 லட்சத்து 44 ஆயிரம் பேருக்கு மலேரியா. நாட்டின் மொத்த எண்ணிக்கையில் சுமார் 40 சதவீதம். மல்காங்கிரி, கோராபுட், ராயகடா, கந்தமால், காலஹாண்டி என்று காடும் மலையும் சூழ்ந்த மாவட்டங்களே அதில் பெரும்பகுதியைச் சுமந்தன. மல்காங்கிரியில் பாலிமேலா அணைநீர் சூழ்ந்து துண்டிக்கப்பட்ட 151 கிராமங்களுக்கு 2018 ஜூலையில் குருபிரியா பாலம் திறக்கப்படும் வரை படகே வழி. அங்கே ஒரு குழந்தைக்கு இரவில் காய்ச்சல் கண்டால், மூளையைத் தாக்கும் மலேரியாவா இல்லையா என்று பார்ப்பதற்குக்கூட விடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தகைய ஊர்களுக்காக மாநில அரசு கொண்டுவந்ததுதான் "துர்கம அஞ்சலரே மலேரியா நிராகரண்" என்ற திட்டம். எளிதில் எட்ட முடியாத பகுதிகளில் மலேரியாவை ஒழித்தல் என்பது பொருள், சுருக்கமாக "தமன்". அதன் அடிப்படைக் கருத்து எளியது. மலேரியா அடிக்கடி தாக்கும் ஊர்களில் மக்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால், ஒட்டுண்ணி உடலில் இருந்தும் காய்ச்சல் வராமல் பலர் நடமாடுவார்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள். கொசுவுக்கு ஒட்டுண்ணியை வழங்கும் சேமிப்புக் கிடங்கு அவர்களே. காய்ச்சல் வந்தவருக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நூறு ஆண்டுகள் ஆனாலும் நோய் தீராது. ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் ஊரில் முகாமிட்டு, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவரையும் சோதித்து, தொற்று உள்ள அனைவருக்கும் மருந்து கொடுப்பது. கூடவே மருந்தடிப்பு, கொசுவலை, தாய்மார்களுக்கு ரத்தசோகைப் பரிசோதனை.

2017-ல் ஒடிசாவில் சுமார் ஒரு கோடியே 10 லட்சம் மருந்தூட்டிய கொசுவலைகள் வழங்கப்பட்டன. ஆஷா பணியாளர்கள் அவற்றைச் சுமந்துகொண்டு மலை ஏறினர். வலையைக் கொடுத்தால் போதாது. அதற்குள் படுக்கிறார்களா, மீன் பிடிக்கக் கொண்டுபோகிறார்களா என்று மாலையில் வந்து பார்த்தனர். பலன் உடனே தெரிந்தது. 2018-ல் நோயாளிகளின் எண்ணிக்கை 66 ஆயிரமாக விழுந்தது. இரண்டே ஆண்டுகளில் 85 சதவீத வீழ்ச்சி. உலக மலேரியா அறிக்கை இதைத் தனியே எடுத்துப் பாராட்டியது. சத்தீஸ்கரும் பின்தொடர்ந்தது. 2020 ஜனவரியில் பஸ்தர் பகுதியில் வீடு வீடாகச் சென்று அனைவரையும் சோதிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. முதல் சுற்றில் தொற்று கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் நோய் அறிகுறி எதுவும் இல்லை. மாவோயிஸ்டுகளும் பாதுகாப்புப் படையினரும் மோதிக்கொண்ட அந்தக் காடுகளில் இரு தரப்பையும் மலேரியா பேதமின்றி வாட்டியது வேறு கதை.

ஒடிசாவின் எண்ணிக்கை 2022-ல் 24 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2023-ல் 40 ஆயிரத்தைத் தாண்டியது. 2024-ல் மேலும் உயர்ந்தது. மருந்தூட்டிய வலையின் வீரியம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. மலைக் குடிசையில், அடுப்புப் புகையில், அடிக்கடி துவைத்து, கிழிந்து தைத்துப் பயன்படுத்தும் வலை அதற்கும் முன்பே பயனற்றுப் போகும். ஒருமுறை ஒரு கோடி வலை கொடுத்தது சாதனை. மூன்றாண்டுக்கு ஒருமுறை, தவறாமல், நோயாளிகளே கண்ணில் படாத ஆண்டுகளிலும் கொடுப்பதுதான் ஒழிப்பு. முன்னதற்கு விழா எடுக்கலாம். பின்னதற்கு எவரும் விழா எடுப்பதில்லை.

எண்ணப்படாதவர்கள்

இங்கே வேறொரு சங்கடமும் உண்டு. மேலே கூறப்பட்டவை அனைத்தும் பதிவானவை. 2023-ல் இந்தியாவில் உண்மையில் மலேரியா கண்டவர்கள் சுமார் 20 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பதிவு இரண்டேகால் லட்சம். மரணங்கள் சுமார் 3,500 என்பது அதன் மதிப்பீடு; பதிவு 83. தனியார் மருத்துவமனையில் காட்டியவர், கிராமத்து "டாக்டரிடம்" ஊசி போட்டுக்கொண்டவர், எவரிடமும் காட்டாமலே இறந்தவர் ஆகியோர் அரசின் கணக்கில் வருவதில்லை.

2010-ல் இந்தக் கணக்கு பெரும் பூசலாகவே வெடித்தது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் ஒத்துழைப்புடன், இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் விசாரித்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வெளிவந்தது. ஆண்டுக்கு 2 லட்சத்து 5 ஆயிரம் பேர், 70 வயதுக்கு முன் மலேரியாவால் இறக்கிறார்கள் என்றது அது. அப்போது அரசின் கணக்கு ஆயிரம் அளவில் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடே 15 ஆயிரம்தான். காய்ச்சலால் நேர்ந்த மரணங்களையெல்லாம் மலேரியா என்று எழுதிவிட்டார்கள் என்று அரசும் உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையைக் குறை கூறின. அந்த எண் மிகையாக இருக்கலாம். ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை எவரும் பெரிதாக மறுக்கவில்லை: அந்த மரணங்களில் 90 சதவீதம் கிராமங்களில், 86 சதவீதம் எந்த மருத்துவமனையிலும் நேரவில்லை.

நோயாளி எங்கே என்று தெரியாமல் நோயை ஒழிக்க முடியாது. இரண்டேகால் லட்சத்தைப் பூஜ்யமாக்குவது ஒரு வேலை; 20 லட்சத்தைப் பூஜ்யமாக்குவது வேறு வேலை. இதில் எந்த வேலைக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது என்பதற்கு விடை வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

திரிபுராவில் 2014-ம் ஆண்டு மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களிலேயே மலைக் கிராமங்களில் மலேரியா பரவியது. அந்த ஆண்டில் அங்கு பதிவான மரணங்கள் 96. நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று கருதப்பட்ட மாநிலம் அது. இன்று மிசோரமும் திரிபுராவும் கவலை தரும் பட்டியலில் உள்ளன. மியான்மரில் 2021-ல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், சுகாதாரப் பணிகள் சிதைந்தன. 2019-ல் 78 ஆயிரமாக இருந்த மலேரியா 2022-ல் 5 லட்சத்து 84 ஆயிரமாகப் பெருகியது என்று உலக மலேரியா அறிக்கை கூறுகிறது. மிசோரமிலும் மணிப்பூரிலும் அடைக்கலம் தேடி வருபவர்கள் அந்த எல்லையைத் தாண்டித்தான் வருகிறார்கள். அவர்களை அகதிகள் என்பதா, ஊடுருவியவர்கள் என்பதா என்று தில்லியில் வாதம் நடக்கிறது. எந்தப் பெயரிட்டாலும் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் முகாம் எல்லையோரத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு மாநில அரசுகளிடம் பணம் இல்லை.

கொடுப்பதும் பெறுவதும்

உலக அரங்கில் இந்தியாவின் இடம் விசித்திரமானது. செகந்தராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டதிலிருந்து இந்த நாடு அப்போராட்டத்தின் மையத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் மலேரியா மருந்துகளில் பெரும்பங்கு இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. அங்குள்ள குடிசைகளில் தொங்கும் மருந்தூட்டிய கொசுவலைகளில் தமிழகத்தின் கரூரிலிருந்து போனவையும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கண்டறிந்து, புணேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்-21 தடுப்பூசியை 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024-ல் ஐவரி கோஸ்டில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினர். அத்தடுப்பூசி பால்சிபாரம் வகைக்கு எதிரானது. கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்து மீண்டும் கிளம்பும் வைவாக்ஸ் வகைக்கு அது உதவாது. வைவாக்ஸை வேரறுக்க 14 நாள்கள் பிரிமாகுயின் மாத்திரை விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் வயலுக்குப் போகிறவர் பதினான்காம் நாள் வரை மாத்திரை விழுங்குகிறாரா என்று பார்ப்பதற்குத் தடுப்பூசி அல்ல, ஆள் தேவை.

உலக நிதியத்துக்கு இந்தியா கொடுக்கவும் செய்கிறது. அதனிடமிருந்து பெறவும் செய்கிறது. 2020-22-க்கு 2 கோடியே 20 லட்சம் டாலர், அடுத்த சுற்றுக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் என்று வாக்களித்தது. 2019 பிப்ரவரியில் அந்நிதியத்தின் நிதி திரட்டல் ஆயத்தக் கூட்டத்தைத் தில்லியில் நடத்தியது. வளரும் நாடுகளின் குரல் என்று தன்னை நிறுத்திக்கொள்ளும் நாட்டுக்கு இது அவசியமே. ஆனால் அந்த நிதியமே இப்போது தள்ளாடுகிறது. 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்கில் 1,800 கோடி டாலர் திரட்ட எண்ணியிருந்த அதற்குக் கிடைத்த வாக்குறுதி 1,134 கோடி டாலர். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமை 2025 ஜூலையில் மூடப்பட்டது. உலகில் மலேரியாவுக்கென 2023-ல் தேவைப்பட்டது 830 கோடி டாலர். கிடைத்தது 400 கோடி. அந்த ஆண்டில் உலகில் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். எஞ்சியுள்ள பணம் அங்கே போக வேண்டும் என்று நிதியம் கருதினால் அதைக் குறை சொல்ல இந்தியாவுக்கு நியாயம் இல்லை.

அப்படியானால் வெளியிலிருந்து வந்த தொகையை உள்ளிருந்து ஈடுசெய்தாக வேண்டும். உலக நிதியத்தின் உதவியுடன் 2024-ல் தொடங்கிய தீவிர மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 12 மாநிலங்களில் 159 மாவட்டங்களைத் தழுவியது. வலை, பரிசோதனை, கண்காணிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த மாவட்டங்களிலேயே தேவை. நாட்டின் எஞ்சிய மலேரியாவும் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கட்டம் 2027-ம் ஆண்டுடன் முடிகிறது. உள்நாட்டுத் தொற்று பூஜ்யமாக வேண்டும் என்று அரசு குறித்திருப்பதும் அதே ஆண்டு. 2023-ல் வகுக்கப்பட்ட தேசிய வியூகத் திட்டமும் அந்த ஆண்டோடு காலாவதியாகிறது.

சான்றிதழுக்குத் தேவையான மூன்று ஆண்டுகள் அதற்குப் பிறகே தொடங்கும். அந்த ஆண்டுகளில் ஆஷா பணியாளர் மலையேறிச் சென்று எடுக்கும் நூறு ரத்த மாதிரிகளில் நூறிலும் ஒட்டுண்ணி இருக்கக் கூடாது. பரிசோதனை ஒன்றுக்கு அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை நெடுங்காலம் 15 ரூபாய். நூற்றியோராவது மாதிரியை எடுப்பதற்கான 15 ரூபாய் 2028 ஏப்ரலுக்குப் பிறகு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதற்கு 2027-ம் ஆண்டுடன் முடியும் இரண்டு திட்டங்களிலும் விடை இல்லை.